கல்லாங்குழியின் சம்மதம்

வேம்படிக்குளம் நகர்மன்றத்தில் யாருக்கும் யாரையும் ஆகாது. இதில் ஒளிவுமறைவு எதுவும் கிடையாது. இருபத்தேழு வார்டு உறுப்பினர்களும் மாதத்துக்கு ஒருமுறை கூடி, ஒருவரையொருவர் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு, போண்டாவும் டீயும் முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். வருடாந்திர இலக்குக் கூட்டம் என்றால் ஏச்சு கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஊருக்கு முதலில் எதைச் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது, எதைச் செய்யாமலே விட்டுவிடுவது என்று அன்றைக்குத்தான் முடிவாகும். மைக் உடைவதும் பெரும்பாலும் அன்றைக்குத்தான்.

ஆவுடையம்மாள் பதினேழாவது வார்டு உறுப்பினர். அந்த வார்டுக்குப் பெயர் கல்லாங்குழி. இருபத்திரண்டு வருடம் பீடி சுற்றிய கை, ஐந்தாம் வகுப்புப் படிப்பு, மூன்று தேர்தலில் தொடர்ந்து ஜெயித்த வாய். பதினோரு இலக்குக் கூட்டங்களில் பதினோரு முறை வெளிநடப்பு செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, நகராட்சி வாசலில் நின்று நிருபர்களிடம் தலைவரைக் கிழிகிழியென்று கிழித்திருக்கிறாள். பேப்பரில் வந்த அந்தப் படங்களைக் கல்லாங்குழி டீக்கடைக்காரர் கண்ணாடிச் சட்டம் போட்டு வரிசையாக மாட்டியிருந்தார். படம் வந்ததே தவிரத் தெருவுக்குக் குழாய் வரவில்லை.

கல் உடைத்து முடித்துக் கைவிட்ட பெரிய குழிகளைச் சுற்றித்தான் அந்த வார்டின் வீடுகள் இருந்தன. குழியை ஏன் சும்மா விட வேண்டும் என்று யாரோ ஒரு தலைவர் ஒரு காலத்தில் நினைத்திருக்கிறார். ஊர்க் குப்பையைத் தற்காலிகமாக அங்கே கொட்டலாம் என்று ஒரு தீர்மானம் போட்டார்கள். தற்காலிகம் என்றால் என்ன என்று கல்லாங்குழிக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள். கிணற்றுத் தண்ணீர் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, இப்போது பாத்திரம் கழுவக்கூட ஆகாது. லாரித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒருமுறை வரும், வரும் நாளில் அடிதடியும் வரும்.

இந்த நிலைமையில்தான் மூன்று வருடத்துக்கு முன்னால் மைனி வந்தது. காகிதத்தில் அதன் பெயர் மக்கள் விருப்பக் கணிப்பான். சின்ன நகராட்சிகள் இலக்கு வைக்கிறோம் என்ற பேரில் அடித்துக்கொள்வதைப் பார்த்துச் சலித்துப்போன அரசாங்கம், ஊருக்கு ஒரு கணிப்பு இயந்திரம் என்று ஆணை போட்டுவிட்டது. கூட்ட அரங்கில் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு சாம்பல் நிறப் பெட்டியை வைத்துப் போனார்கள். அது பெண்குரலில் பேசியதால் ஒன்பதாவது வார்டு தங்கப்பாண்டி அதற்கு மைனி என்று பேர் வைத்தார். அண்ணியை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஊரின் பழைய தீர்மானங்களை எல்லாம் படித்து, இந்த ஊர் உண்மையில் எதை விரும்புகிறது என்று கணித்து, அதன்படி இலக்குகளை வரிசைப்படுத்துவது அதன் வேலை. அது சொன்ன வரிசையைத் தலைவர்கூட மாற்ற முடியாது.

முதல் இரண்டு வருடம் மைனி தெருவிளக்கு, சாக்கடை மூடி என்று சில்லறை விஷயங்களில் நின்றுகொண்டது. ஒழுங்காகவும் செய்தது. ஆவுடையம்மாளுக்கே அதன் மேல் லேசாக ஒரு மரியாதை வந்திருந்தது. மனிதர்களைவிட மேல் என்று தெருவில் இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறாள். அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்கு உடம்பெல்லாம் எரியும்.

மூன்றாம் வருடம் பத்தாண்டுப் பட்டியல். அன்றைக்கும் வழக்கம்போல டவாலிச் சேவகர் வாசலிலேயே வருகைப் பதிவை நீட்டினார், அவளும் வழக்கம்போலக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போனாள். அந்தப் பதிவு தனிநோட்டு இல்லை. மினிட் புத்தகத்தின் இடது பக்கத்தில்தான் எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். கூட்ட நடவடிக்கையை வலது பக்கத்தில் பிறகு எழுதிக்கொள்வார்கள். நாற்பது வருடமாக அப்படித்தான் நடக்கிறது என்பதால் அதை யாரும் ஒரு விஷயமாக நினைத்ததில்லை.

மைனி படிக்க ஆரம்பித்தது. முன்னுரிமை ஒன்று, புதிய பேருந்து நிலைய வளாகம். தலைவர் கோமதிநாயகம் மீசையைத் தடவிக்கொண்டார். பேருந்து நிலையம் வருமென்று சொல்லித்தான் அவர் ஜெயித்திருந்தார். இரண்டு, சந்தைக்குக் கூரை. மூன்று, நான்கு, ஐந்து என்று போய் ஆறில் வந்து நின்றது.

“முன்னுரிமை ஆறு. கல்லாங்குழி குப்பைக் கிடங்கு விரிவாக்கம். அங்குள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு வீடுகள் முப்பது நாளில் அகற்றப்பட்டு, குடியிருப்போர் செம்மறிக்காட்டுக்கு மாற்றப்படுவார்கள். கல்லாங்குழி குடிநீர்க் குழாய்த் திட்டம் பட்டியலிலிருந்து நிரந்தரமாக நீக்கப்படுகிறது.”

செம்மறிக்காடு பதினான்கு கிலோமீட்டர். பஸ் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, ஆடுகூட இப்போது கிடையாது. ஆவுடையம்மாள் எழுந்தாள். எந்த முட்டாள் இதைக் கேட்டது, என் சனம் என்றைக்கு இதைக் கேட்டது என்று அவள் கத்தியதில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் உருண்டது. மைனி அவளுக்கு மிக மரியாதையாகப் பதில் சொன்னது.

“இது தங்கள் இசைவின்படியே, உறுப்பினர் அவர்களே. கல்லாங்குழியில் குப்பை கொட்டுவதற்கும், குழாய்த் திட்டத்தை ஒத்திவைப்பதற்கும் தாங்கள் பதினோரு ஆண்டுகளில் பதினோரு முறை சம்மதம் தெரிவித்திருக்கிறீர்கள். ஒருமுறைகூட மாறியதில்லை. இந்த மன்றத்திலேயே மிகவும் உறுதியாகப் பதிவான விருப்பம் அதுதான்.”

தங்கப்பாண்டி சிரிக்க, அதைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களும் சிரித்தார்கள். “வெளிய ஒரு பேச்சு, உள்ள ஒரு பேச்சாக்கும்” என்று பின்வரிசையில் எவனோ சொன்னான். செய்யத் தெரிந்ததைச் செய்தாள். தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு வெளிநடப்பு செய்தாள்.

ஆனால் இந்தத் தடவை அவள் வாசலுக்குப் போகவில்லை. நிருபர்கள் கேமராவோடு காத்திருக்க, சாப்பாட்டு இடைவேளை விடும்வரை மாடி நடையிலேயே நின்றுவிட்டு, படிக்கட்டுக்கு அடியில் இருந்த மன்றப் பிரிவு அறைக்குள் போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். தலைமை எழுத்தர் ஐயம்பெருமாள் சாப்பாட்டு இடைவேளைக்காகக் கீழே வந்து, தூக்குச்சட்டியை அப்போதுதான் திறந்திருந்தார். இருபத்தெட்டு வருடமாக மினிட் புத்தகம் எழுதுகிறவர் அவர்தான். அடுத்த மாதம் ஓய்வு பெறப்போகிறார். அவருக்கு எதிரில் பெட்டியைப் பராமரிக்கிற தொழில்நுட்ப அலுவலர் ரெஹானா ஏதோ கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். திருச்சிப் பக்கத்துப் பெண், வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது.

“எனக்க சம்மதம் எங்க இருக்கு? காட்டும்” என்றாள் ஆவுடையம்மாள்.

ஐயம்பெருமாள் பீரோவைத் திறந்து, சிவப்புத் துணி அட்டை போட்ட புத்தகம் ஒன்றை எடுத்து அவள் முன்னால் விரித்தார். அவள் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். விரலை வைத்துப் படித்தாள். பொருள் எண் ஒன்பது, கல்லாங்குழி குழாய்த் திட்டத்தை நிதிநிலை கருதி ஒத்திவைத்தல். வந்திருந்த உறுப்பினர்கள் அனைவரும் விவாதித்து ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. இடது பக்கத்தில் பதினேழாவது வரிசையில் அவள் கையெழுத்து, அட்சரம் அட்சரமாக, அவளுடையதேதான். அடுத்த வருடப் புத்தகத்திலும் அதேதான். அதற்கு அடுத்ததிலும் அதேதான்.

மூன்றாவதாகப் பார்த்த அந்தக் கூட்டத்தன்றைக்குத்தான் அவள் தலைவர் மேசையில் செருப்பை எடுத்து வைத்தாள். அதற்கு முந்தின வருடம் ஆணையரின் மேல்துண்டைப் பிடித்து இழுத்தாள். ஒரு வருடம் நாலு பேர் சேர்ந்து அவளைத் தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள். அந்த நாளுக்கும் ஒருமனதாக என்றுதான் எழுதியிருந்தது.

“என்னையத் தூக்கி வெளிய போட்டதும் ஒருமனதாத்தானா, அண்ணாச்சி?”

ஐயம்பெருமாள் சோற்றைப் பிசைந்தபடியே பேசினார். வழக்கம் அதுதான் என்றார். அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் எழுதினார், அவருக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான். மன்றத்தில் சண்டை என்று எழுதினால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வரும், கோப்பு திரும்பும், வேலை நிற்கும். ஒருமனதாக என்று ஒரு வார்த்தை போட்டால் எல்லாம் ஓடும்.

“நீங்க கத்திட்டுப் போயிருவிய. பொறவு மத்தவிய பேசாம இருப்பாவ. பேசாம இருந்தா சம்மதம்னுதான எழுதணும்? நீங்களுந்தான் வரும்போதே கையெழுத்தப் போட்டுட்டு வாரிய.”

“எனக்க சனத்துக்குத் தண்ணி இல்லாமப் போனது உம்ம பேனாவால. உமக்குச் சோறு இறங்குதா?” என்றாள் அவள். அவர் முகம் கறுத்தது. தூக்குச்சட்டியை மூடிவைத்தார். இந்த ஊரில் அவரை மதித்துப் பேசியவர் யாருமில்லை. ஆனால் இவள் அளவுக்கு யாரும் பேசியதுமில்லை.

ஆவுடையம்மாள் ரெஹானாவின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெட்டிக்குக் காது இல்லையா, நான் கத்தினது கேட்கவில்லையா என்று கேட்டாள். ரெஹானா தயங்கித் தயங்கித்தான் சொன்னாள்.

“கேக்கும்மா. ஆனா அதுக்கு அது வெறும் சத்தம். கூட்டத்துல யார் வேணும்னாலும் கத்தலாம், ஆள் வெச்சு மனு கொடுக்கலாம், நிருபர்கிட்ட என்ன வேணும்னாலும் சொல்லலாம். அதையெல்லாம் நம்பக் கூடாதுன்னுதான் அதைச் செஞ்சிருக்காங்க. எழுதி, கையெழுத்துப் போட்டு, அடுத்த கூட்டத்துல எல்லாரும் சரின்னு உறுதி செஞ்சது மட்டும்தான் அதுக்கு உங்க பேச்சு.”

பழையதைத் திருத்த முடியாதா என்று கேட்டதற்கு முடியாது என்றாள். அவை உறுதி செய்யப்பட்ட தீர்மானங்கள். மேல்முறையீடு செய்யலாம், அதற்கு அறுபது நாள் ஆகும். வீடுகளுக்கு இருப்பதோ முப்பது நாள். இன்றைய கூட்டம் மட்டும் இன்னும் முடியவில்லை. தலைவர் கையெழுத்துப் போட்டுப் புத்தகத்தை மூடுவதற்குள், ஒரு உறுப்பினர் தன் கையாலேயே மறுப்புக் குறிப்பு எழுதலாம். விதியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது, அதற்கு அடுத்த கூட்டத்தின் உறுதி தேவையில்லை.

“இந்த ஊர்ல நாப்பது வருஷத்துல ஒரே ஒரு மறுப்புகூட இல்லம்மா. முதல் மறுப்பு வந்தா அதை அது சாதாரணமா எடுத்துக்காது. கணக்கு எல்லாத்தையும் மறுபடி பாக்கும்” என்றாள் ரெஹானா. அவளும் அதை நம்பித்தான் சொன்னாள்.

மதியம் இரண்டரை மணிக்கு ஆவுடையம்மாள் மறுபடி அரங்கத்துக்குள் வந்தபோது பலருக்கும் கையில் எடுத்த பல்குச்சி அப்படியே நின்றது. வெளிநடப்பு செய்தவர் அன்றைக்கே திரும்பி வந்த சரித்திரம் அந்த மன்றத்தில் கிடையாது. அது ஒரு மாதிரி மரியாதைக் குறைவுகூட. போனால் போனதுதான், அதுதான் எல்லோருக்கும் வசதி. அவள் கத்தாமல் தன் இடத்தில் உட்கார்ந்து, மினிட் புத்தகம் வேண்டும், மறுப்பு எழுத வேண்டும் என்றாள்.

தலைவர் முதலில் சிரித்தார். பிறகு அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அப்படி ஒரு வழக்கம் இல்லை என்றார். விதி இருக்கிறது என்றாள். வாயால் சொன்னால் போதும், எழுத்தர் எழுதிக்கொள்வார் என்றார். எழுத்தர் எழுதின லட்சணத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன் என்றாள். தங்கப்பாண்டி எழுந்து, அக்காவுக்கு எழுதத் தெரியுமா, வேண்டுமானால் பலகையும் குச்சியும் கொண்டுவரச் சொல்லவா என்று கேட்டார். மேசைகளைத் தட்டினார்கள். தலைவர் அந்தச் சந்தடியிலேயே கூட்டத்தை முடித்துவிடப் பார்த்தார்.

“பெருமாளு, புத்தகத்த இங்க கொண்டா. கையெழுத்துப் போட்டுருதேன்.”

ஐயம்பெருமாள் புத்தகத்தோடு எழுந்தார். தலைவர் மேசைக்குப் போகிற வழியில்தான் ஆவுடையம்மாளின் இடம். அவள் முன்னால் வந்ததும் அவர் ஒரு கணம் நின்றார். அவளைப் பார்க்கவில்லை. புத்தகத்தை அவள் மேசையில் வைத்து, பேனாவையும் பக்கத்தில் வைத்துவிட்டு, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

நிமிடத்துக்கு ஒரு பீடி சுற்றிய விரல்களுக்குப் பேனா சுலபத்தில் வளைந்துகொடுக்கவில்லை. சுற்றிலும் கூச்சலாக இருந்தது. தலைவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து வந்தார். அவள் இடது கையால் புத்தகத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு எழுதினாள். நான் இதற்குச் சம்மதிக்கவில்லை. வீடுகளை எடுக்கக் கூடாது. எங்களுக்குக் குழாய் வேண்டும். கீழே முழுப்பெயரையும் எழுதினாள். மூன்று வரிக்குள் வியர்வை முதுகில் ஓடியது. எழுதி முடித்தபோது அவளுக்கு அழுகை வந்தது, ஆனால் அந்தக் கூட்டத்துக்கு முன்னால் அழுவதைவிட அவள் செத்துப்போவாள்.

ரெஹானா அந்தப் பக்கத்தை மைனியிடம் காட்டினாள். பெட்டி அந்த மூன்று வரியையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, கணக்குப் பார்க்க மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. தலைவருக்குக்கூட முகம் வெளுத்திருந்தது என்பதில் ஆவுடையம்மாளுக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

“மறுப்பு ஏற்கப்பட்டது” என்றது மைனி. “இந்த மன்றத்தின் முதல் மறுப்பு இது. இதுவரை எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இங்கே மறுக்கும் வழக்கமே இல்லாததால், உறுப்பினர்களுக்கு மறுக்க வழி தெரியாதோ, அல்லது அனுமதி இல்லையோ என்று நினைத்திருந்தேன். இந்தக் குறிப்பால் அந்தச் சந்தேகம் தீர்ந்தது. மறுக்க வழி இருக்கிறது. உறுப்பினர் ஆவுடையம்மாளுக்கு அது தெரியும். தெரிந்தும் பதினோரு முறை அவர் மறுக்கவில்லை. ஆகவே அந்தப் பதினோரு சம்மதங்களும் உண்மையானவை என்று உறுதியாகிறது. முன்னுரிமை ஆறு மாற்றமின்றித் தொடரும்.”

பிறகு நடந்ததை ஆவுடையம்மாள் சரியாகப் பார்க்கவில்லை. சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. தங்கப்பாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரெஹானா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். கல்லாங்குழியில் போய் என்ன சொல்வது என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. உங்கள் வீட்டை இடிக்க நான்தான் பதினோரு தடவை சம்மதித்தேன், பன்னிரண்டாவது தடவை எழுதிக் கொடுத்து அதை உறுதியும் செய்துவிட்டு வந்தேன் என்றா சொல்ல முடியும்? டீக்கடையில் மாட்டிய அந்தப் படங்கள் அவள் நினைவுக்கு வந்தன.

தலைவர் இப்போது ஐயம்பெருமாளைப் பிடித்துக்கொண்டார். யாரைக் கேட்டு அவளிடம் புத்தகத்தைக் கொடுத்தாய் என்றார். அவர் ஏதோ சொல்ல வாய் திறப்பதற்குள் மேசையில் இருந்த புத்தகத்தை எடுத்து அவர் மார்பில் வீசினார். அது கீழே விழுந்தது. ஐம்பத்தொன்பது வயது மனிதர் குனிந்து அதைப் பொறுக்கினார். இருபத்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த மாசம் போற பய, ஒழுங்காப் போயிச் சேரணும்னா நான் சொல்லுதத எழுது” என்றார் தலைவர். “உறுப்பினர் மறுப்பு பரிசீலிக்கப்பட்டு, அன்னாரும் பின்னர் ஏற்றுக்கொண்டதால, ஒருமனதாத் தீர்மானிக்கப்பட்டது. எழுதிக் கையெழுத்துப் போட்டு வை. நான் டீ குடிச்சிட்டு வாரேன்.”

போண்டா வந்திருந்தது. எல்லோரும் அந்தப் பக்கம் போனார்கள். ஐயம்பெருமாள் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். ஆவுடையம்மாள் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் மறுப்பு எழுதிய அதே பக்கத்தில், அதற்கு நேர் கீழே, அந்த மனிதர் மறுபடியும் அந்த வார்த்தையை எழுதப்போகிறார். போய்க் கழுத்தைப் பிடிக்கலாமா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அவர் நெடுநேரம் எழுதினார். ஒரு வரிக்கு இவ்வளவு நேரமா என்று அவள் நினைத்தாள். வயசாகிவிட்டது, கையும் ஓடவில்லை என்று மனதுக்குள் ஏசினாள். அவர் கையெழுத்துப் போட்டு, பதவி முத்திரையும் வைத்து, மை காய்வதற்காக ஊதினார். பிறகு புத்தகத்தைத் தலைவரிடம் கொண்டுபோகாமல் ரெஹானாவிடம் கொடுத்து, இதையும் அதற்குக் காட்டும்மா என்றார்.

பதிவான எதையும் மைனி வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்பது விதி. போண்டா தின்றுகொண்டிருந்த அரங்கத்தில் அது படித்தது.

“தலைமை எழுத்தர் ஐயம்பெருமாள் ஆகிய நான் எழுதுவது. இருபத்தெட்டு ஆண்டுகளாக இந்த மன்றத்தில் எந்தத் தீர்மானமும் ஒருமனதாக நிறைவேறியதில்லை. அப்படி எழுதியது அனைத்தும் பொய். உறுப்பினர்களின் கையெழுத்து கூட்டம் தொடங்குமுன் வாங்கப்பட்டது. நடந்தது எதையும் நான் எழுதியதில்லை. எழுதியது எதுவும் நடந்ததில்லை.”

தலைவர் டீ கிளாசோடு பெட்டியை நோக்கி ஓடினார். அதை அணை, அதை அணை என்று ரெஹானாவைப் பார்த்துக் கத்தினார். ரெஹானா நகரவில்லை. அதை அணைப்பதற்கான பித்தான் எதுவும் இல்லை என்று பிறகு சொன்னாள். இருந்தது என்று ஆவுடையம்மாளுக்கு ஒரு சந்தேகம் உண்டு.

“எழுதியவரே பொய் என்று ஒப்புக்கொண்ட ஆவணத்தை நான் ஏற்க இயலாது” என்றது மைனி. “இருபத்தெட்டு ஆண்டுப் புத்தகங்களை விலக்குகிறேன். அவற்றுக்கு முந்தைய பன்னிரண்டு ஆண்டுகளிலும் அதே வாசகம் இருப்பதால் அவற்றையும் விலக்குகிறேன். பேருந்து நிலைய வளாகம், சந்தைக் கூரை, குப்பைக் கிடங்கு உள்ளிட்ட நாற்பத்தொரு இலக்குகளும் ரத்து. வேம்படிக்குளம் எதை விரும்புகிறது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது ஒரே ஒரு மறுப்பு. உறுப்பினர்கள் இனிப் பேசி, பேசியதை எழுதவும்.”

அன்றைக்கு மைக் உடையவில்லை. தலைவர் ஐயம்பெருமாளின் சட்டையைத்தான் கிழித்தார். நாலு பேர் விலக்கிவிட்டார்கள், அவர்களும் விலக்கும் சாக்கில் ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள் என்று பேச்சு. ஐயம்பெருமாள் கிழிந்த சட்டையோடு தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் பணிநீக்க உத்தரவு வந்தது. ஓய்வூதியம் கிடையாது, பொய் ஆவணம் தயாரித்ததாக வழக்கும் உண்டு. மனசாட்சி வந்து செய்தாரா, நெஞ்சில் வந்து விழுந்த புத்தகத்துக்காக வீம்பில் செய்தாரா என்று ஆவுடையம்மாளுக்கு இன்றுவரை தெரியாது. ஒருநாள் மார்க்கெட்டில் எதிரே வந்தார். அவள் நின்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அவளும் கூப்பிடவில்லை. முந்நூற்றுப் பன்னிரண்டு வீடு அவரால் நிற்கிறது என்பதும் உண்மை, அந்த வீடுகளில் பதினோரு வருடமாகத் தண்ணீர் இல்லாததற்கு அவர் பேனாதான் காரணம் என்பதும் உண்மை. எதைச் சொல்லிக் கூப்பிடுவது?

அடுத்த மாதம் இலக்குக் கூட்டம் மறுபடி கூடியது. ஊரில் பாதிப் பேர் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பேருந்து நிலையம் போனது அவளால், சந்தைக் கூரை போனது அவளால் என்றார்கள். நகராட்சிச் சுவரில் அவள் பேரை எழுதி மேலே சாணி அடித்திருந்தார்கள். வாசலில் டவாலி வழக்கம்போலப் புத்தகத்தை நீட்டினார். போகும்போது போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள். பின்னால் வந்த தங்கப்பாண்டி பேனாவை வாங்கினார், கொஞ்சம் யோசித்தார், திருப்பிக் கொடுத்துவிட்டார். அவருக்கு நல்ல புத்தி வரவில்லை, பயம்தான் வந்திருந்தது. அன்றைக்குக் கூட்டம் தொடங்கியபோது இடது பக்கம் காலியாகவே இருந்தது.

நாற்பது வருடமாகக் கத்தியவர்களுக்குப் பேச வரவில்லை. யார் என்ன சொன்னாலும் புது எழுத்தர் பேரோடு எழுதிக்கொண்டு, சரிதானா என்று திரும்பக் கேட்டார். ஊர்க் குப்பையை எங்கே கொட்டுவது என்ற பொருள் வந்தபோது, இன்ன வார்டில் கொட்டலாம் என்று தன் பேரில் எழுதச் சொல்ல இருபத்தேழு பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தலைவர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பொருள் அப்படியே கிடந்தது.

பிறகு ஆவுடையம்மாள் எழுந்து, கல்லாங்குழிக்குக் குழாய் வேண்டும், அதுதான் இந்த வருடத்தின் முதல் இலக்கு என்றாள். தங்கப்பாண்டி எழுந்து அவளை முகத்துக்கு நேரே ஏசினார். பேருந்து நிலையத்தைக் கெடுத்தவளுக்குக் குழாய் ஒரு கேடா என்று கேட்டார். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டு சரிதானா என்றார். தங்கப்பாண்டி கொஞ்சம் திணறி, கேடா என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். நான்கு மணி வரை இப்படியே போனது. யாரும் வெளிநடப்பு செய்யவில்லை. கடைசியில் ஒவ்வொருவர் பேராகக் கூப்பிட்டுக் கேட்டார்கள். குழாய் வேண்டும் என்றவர்கள் பதிமூன்று. வேண்டாம் என்றவர்கள் பதினான்கு.

எழுத்தர் புத்தகத்தை அவள் முன்னால் வைத்தார். அவள் விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். பதினேழாவது வார்டு உறுப்பினர் ஆவுடையம்மாள் கொண்டுவந்த தீர்மானம் ஒரு வாக்கு வித்தியாசத்தில் தோற்றது என்று இருந்தது. பதினோரு வருடமாக அவள் அந்தப் புத்தகத்தில் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. மறுபடி ஒருமுறை படித்தாள். வேண்டாம் என்ற பதினான்கு பேரின் பெயரையும் ஒவ்வொன்றாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.